நெய்வேலிப் பங்கின் விலை: பொருளாதாரக் கொள்கையும் உலக நிகழ்வுகளும் – கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் இயங்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் பங்கு 2013ஆம் ஆண்டில் 60 ரூபாய்க்குக் கைமாறியது. 2024ஆம் ஆண்டில் அதே பங்குக்கு மத்திய அரசு 212 ரூபாயைக் குறைந்தபட்ச விற்பனை விலையாக நிர்ணயித்தது. இந்த இடைவெளியில் விலையை இயக்கியவை எவை, அரசின் கொள்கை எந்தெந்த வழிகளில் ஒரு பங்கைச் சென்றடைகிறது, தொலைதூர நிகழ்வுகள் அதில் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பங்கு விற்பனையைச் சுற்றியே நிகழ்ந்த பொதுவிவாதம், அதைவிடப் பெருந்தொகையை நகர்த்திய வேறொரு கொள்கையைக் கவனிக்கத் தவறியது என்பதும், நிலத்துக்கான இழப்பீட்டிற்கும் பங்கின் மதிப்பிற்கும் உள்ள உறவு பொதுவாகக் கருதப்படுவதற்கு மாறானது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, பங்குச்சந்தை, பங்கு விற்பனை, செபி, வட்டி விகிதம், மின்கட்டணம், நில இழப்பீடு.

முன்னுரை

சிதம்பரத்திலோ கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலோ வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் சேமிப்பிலிருந்து நூறு நெய்வேலிப் பங்குகளை வாங்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். அவர் முதலீடு செய்துள்ள சுரங்கம் அவர் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. அங்கு வேலை செய்வோரில் சிலர் அவருடைய மாணவர்களாகவும் இருக்கக்கூடும். ஆயினும் அந்தப் பங்கு ஒரு நாள் ஏறுவதற்கும் மறுநாள் இறங்குவதற்குமான காரணத்தை அவர் நெய்வேலியில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. காரணம் புதுதில்லியின் நிதியமைச்சகத்திலோ, மும்பையில் உள்ள செபியின் சுற்றறிக்கையிலோ, வாஷிங்டனில் மத்திய வங்கித் தலைவர் பேசிய ஒரு தொடரிலோ இருக்கும். அருகில் இருக்கும் ஒன்றின் விலை தொலைவில் முடிவாகிறது என்னும் இம்முரணே இக்கட்டுரையின் பொருள்.

நிறுவனமும் அதன் பங்குரிமையும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பழுப்புப் பொருளே நெய்வேலியின் தொடக்கம் என்பது பலரும் அறிந்த செய்தி. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என மாறியது.

நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பின்னரும் நெடுங்காலம் அதன் பங்குகளில் 93.56 விழுக்காடு மத்திய அரசின் கையிலேயே இருந்தது. எஞ்சிய 6.44 விழுக்காடே பிறரிடம் இருந்தது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. நாளிதழில் அச்சாகும் பங்கு விலை என்பது ஒரு நிறுவனத்தின் எல்லாப் பங்குகளுக்கும் கிடைக்கும் விலை அன்று. அன்று கைமாறிய சில பங்குகளின் விலையே அது. கைமாறும் பங்குகள் குறைவாயின் சிறு வாங்கலும் விலையை உயர்த்தும், சிறு விற்றலும் தாழ்த்தும். ஆகவே அரசு எத்தனை பங்குகளைச் சந்தைக்கு விடுகிறது என்பதே நெய்வேலிப் பங்கைப் பொறுத்தவரை முதன்மையான கொள்கை முடிவாகிறது.

2006ஆம் ஆண்டில் பத்து விழுக்காட்டுப் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தது. தொழிலாளர் எதிர்ப்பும், அன்று மத்தியக் கூட்டணியில் இடம்பெற்றிருந்த தி.மு.க.வின் எதிர்ப்பும் சேர்ந்து அம்முயற்சியைத் தடுத்தன. அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனை முடிவுகள் அனைத்தையும் நிறுத்தி வைத்தார். நெய்வேலியில் எழுந்த எதிர்ப்பு, நெய்வேலியோடு தொடர்பில்லாத வேறு நிறுவனங்களின் பங்கு விற்பனையையும் நிறுத்தியது. உள்ளூர் நிகழ்வு நாட்டின் நிதிக்கொள்கையை மாற்றிய அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

விதி குறித்த நாளும் உலகம் குறித்த விலையும்

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே கோரிக்கை வேறு வடிவில் திரும்பியது. 2010இல் திருத்தப்பட்ட பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறை விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட தனியார் நிறுவனங்களில் குறைந்தது 25 விழுக்காடும் பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடும் பொதுமக்கள் கையில் இருக்கவேண்டியிருந்தது. பொதுத்துறைக்கான கெடு 2013 ஆகஸ்ட் 8. நெய்வேலி அவ்விதிக்கு உட்பட இன்னும் 3.56 விழுக்காடு தேவைப்பட்டது. 2006இல் அரசின் விருப்பமாக இருந்த பங்கு விற்பனை, 2013இல் சட்டத்தின் கட்டாயமாக மாறிவிட்டது. விருப்பத்தோடு பேரம் பேசலாம். கெடு நாளோடு பேரம் பேசுவது கடினம்.

2013 ஜூலை 3 முதல் நெய்வேலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முதலமைச்சர் ஜெயலலிதா, தனியாருக்குப் பங்குகளை விற்பதற்கு மாற்றாகத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அவற்றை வாங்கிக்கொள்ளும் என்னும் யோசனையை முன்வைத்தார். செபியின் ஒப்புதலோடு அது நிறைவேறியது. டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து மாநில நிறுவனங்கள் பங்கொன்றுக்கு 60 ரூபாய் வீதம் ஏறத்தாழ 358 கோடி ரூபாய்க்கு அப்பங்குகளைப் பெற்றன. விதியின் நோக்கம் பங்குரிமையை மக்களிடையே பரவலாக்குவது. நடந்ததோ ஓர் அரசிடமிருந்து மற்றோர் அரசுக்குப் பங்குகள் சென்றது. விதியின் எழுத்து காக்கப்பட்டது என்பதே பொருத்தமான விவரிப்பாகும்.

அந்த 60 ரூபாய் எவ்வாறு வந்தது? இங்குதான் உலக நிகழ்வு குறுக்கிடுகிறது. 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, மாதந்தோறும் கடன்பத்திரங்களை வாங்கிச் சந்தையில் பணத்தை இறக்கி வந்த திட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கக்கூடும் எனக் குறிப்பிட்டார். இந்தியா, இந்தோனேசியா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து அயல்முதல் வெளியேறத் தொடங்கியது. ரூபாயைக் காக்க ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான விளிம்புநிலைக் கடன் வட்டியை 10.25 விழுக்காடாக உயர்த்தியது. ஆகஸ்ட் 28இல் ஒரு டாலரின் மதிப்பு 68 ரூபாயைக் கடந்தது. மே மாதத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த பத்தாண்டு அரசுக் கடன்பத்திர ஈட்டம் ஆகஸ்டில் 9 விழுக்காட்டைத் தாண்டியது. மூன்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு விதி விற்பனைக்கான நாளைக் குறித்தது. அந்த நாள் சந்தையின் கொந்தளிப்புக்கு நடுவே வந்து விழுந்தது.

வட்டி உயர்ந்தால் சுரங்கத்தின் மதிப்பு ஏன் குறைகிறது?

அமெரிக்க மத்திய வங்கியின் பேச்சுக்கும் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் இடையிலுள்ள கண்ணியை விளங்கிக்கொள்ள, நிறுவனத்தின் வருவாய் அமையும் முறையை அறிதல் வேண்டும். நெய்வேலி மின்சாரத்தின் விலையைச் சந்தை முடிவு செய்வதில்லை. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. எரிபொருள், பராமரிப்பு, கடன் வட்டி, தேய்மானம் ஆகியவற்றோடு, பங்குமூலதனத்திற்கு ஆண்டுக்கு 15.5 விழுக்காட்டு வருவாயும் கட்டணத்திற்குள் சேர்க்கப்படுகிறது. 2009 முதல் 2024 வரையிலான மூன்று கட்டணக் காலங்களிலும் அனல்மின் நிலையங்களுக்கு இவ்விகிதம் நீடித்தது.

இதனை எளிய கணக்காக்கிப் பார்க்கலாம். நூறு ரூபாய் மூலதனம் ஆண்டுதோறும் 15.50 ரூபாய் ஈட்டும் என உறுதியாக இருப்பதாகவும், அது முழுவதும் பங்குதாரருக்கே கிடைப்பதாகவும் கொள்வோம். அரசுக் கடன்பத்திரம் 7 விழுக்காடு தரும் காலத்தில், அதே 15.50 ரூபாயைக் கடன்பத்திரத்திலிருந்து பெற ஏறத்தாழ 221 ரூபாய் முதலிட வேண்டும். கடன்பத்திரம் 9 விழுக்காடு தருமாயின் 172 ரூபாய் போதும். ஆகவே அந்த நூறு ரூபாய் மூலதனத்துக்கு முதலீட்டாளர் தர விரும்பும் விலையும் 221இலிருந்து 172க்கு இறங்கும். சுரங்கத்தில் ஒரு டன் கரிகூடக் குறையவில்லை. ஒரு தொழிலாளிகூட வேலைக்கு வராமலில்லை. ஆயினும் மதிப்பில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கரைகிறது. உண்மை நிலவரம் இதைவிடச் சிக்கலானது. இலாபம் முழுவதும் பகிர்ந்தளிக்கப்படுவதில்லை. மின்சாரத்தை வாங்கும் மாநில மின்வாரியங்களின் நிலுவை வேறு இருக்கிறது. எனினும் விலை நகரும் திசையை இக்கணக்கு சரியாகவே காட்டுகிறது.

நிலுவையைப் பற்றி ஒரு சொல். நெய்வேலி மின்சாரத்தின் பெரிய வாடிக்கையாளரான தமிழ்நாடு மின்வாரியம், பல ஆண்டுகள் பெருந்தொகையை நிலுவையில் வைத்திருந்தது. ஏட்டில் இலாபம் இருந்தும் கையில் பணம் இல்லாத நிலையைச் சந்தை மன்னிப்பதில்லை. கட்டணத்தைத் தாமதமாகச் செலுத்துவோருக்கான மிகைவரி விதிகளை மத்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்டது. பழைய நிலுவையைத் தவணைகளில் தீர்க்கவும், தவறினால் மின்வழங்கலைக் கட்டுப்படுத்தவும் அவ்விதிகள் வழிசெய்தன. அதன்பின் மின்னுற்பத்தி நிறுவனங்களுக்குப் பணம் வரும் ஒழுங்கு மேம்பட்டது. பேரணியோ தலைப்புச் செய்தியோ இன்றி வந்த இவ்விதி, பங்குதாரரைப் பொறுத்தவரை பல பெரிய அறிவிப்புகளைவிடப் பயனுள்ளது.

கவனம் பெறாத கொள்கை

2013இன் போராட்டம் 3.56 விழுக்காட்டுப் பங்குகளைச் சுற்றி நிகழ்ந்தது. அந்த விற்பனையில் நிறுவனத்தின் பணப்பெட்டியிலிருந்து ஒரு ரூபாயும் வெளியேறவில்லை. பங்குகள் கைமாறின, விலை மத்திய அரசுக்குச் சென்றது, சுரங்கமும் மின்நிலையமும் அவற்றின் இருப்பும் அப்படியே இருந்தன.

2016 மே மாதம் மத்திய நிதியமைச்சகத்தின் முதலீடு மற்றும் பொதுச்சொத்து மேலாண்மைத் துறை, பொதுத்துறை நிறுவனங்களின் மூலதனச் சீரமைப்புக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இலாபத்தில் 30 விழுக்காடு அல்லது நிகர மதிப்பில் 5 விழுக்காடு, இவற்றுள் எது கூடுதலோ அதைக் குறைந்தபட்ச ஈவுத்தொகையாக வழங்கவேண்டும். நிகர மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கும் கையிருப்பு 1,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தம் பங்குகளைத் தாமே திரும்ப வாங்குவதைப் பரிசீலிக்கவேண்டும் என்பன அவற்றுள் சிலவாக இருந்தன. நெய்வேலி நிறுவனம் 2017இல் பங்கொன்றுக்கு 98 ரூபாய் வீதம் ஏறத்தாழ 1,461 கோடி ரூபாய்க்கும், 2018இல் 88 ரூபாய் வீதம் ஏறத்தாழ 1,249 கோடி ரூபாய்க்கும் தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது. 167.77 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை 138.66 கோடியாகச் சுருங்கியது.

இரு தவணைகளிலும் சேர்ந்து சுமார் 2,710 கோடி ரூபாய் நிறுவனத்தின் சொந்தக் கையிருப்பிலிருந்து வெளியேறியது. 2013இல் தெருவில் இறங்கிப் போராடத் தூண்டிய தொகையைப்போல் இது ஏழு மடங்குக்கும் மேல். பெரும்பங்குதாரர் என்ற முறையில் இதில் பெரும்பகுதி மத்திய அரசின் வரவாகி, நிதிப்பற்றாக்குறையைக் குறைக்க உதவியது. திரும்ப வாங்குவதால் எஞ்சிய ஒவ்வொரு பங்கும் இலாபத்தில் சற்றுப் பெரிய உரிமையைப் பெறுகிறது என்பது உண்மையே; சிறுமுதலீட்டாளருக்கு அது தீங்கன்று. ஆனால் சுரங்க விரிவாக்கம், மறுகுடியமர்வு, புதிய மின்நிலையம் ஆகியவற்றுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய பணம் அது. ‘விற்பனை’ என்னும் சொல் உண்டாக்கும் கொதிப்பை ‘மூலதனச் சீரமைப்பு’ என்னும் சொல் உண்டாக்குவதில்லை. கலைச்சொற்களுக்கும் அரசியல் உண்டு.

விற்பனை முறையும் மாறிவிட்டது. 2012இல் செபி அறிமுகப்படுத்திய பங்குச்சந்தைவழி விற்பனை முறையில், முதல்நாள் மாலை அறிவிப்பு வெளியாகும். அடுத்த இரு வணிக நாள்களில் எல்லாம் முடிந்துவிடும். 2017 அக்டோபரில் 94 ரூபாய்க் குறைந்தபட்ச விலையில் 5 விழுக்காடு வரையும், 2024 மார்ச் 7, 11 ஆகிய நாள்களில் 212 ரூபாய்க் குறைந்தபட்ச விலையில் 7 விழுக்காடு வரையும் இம்முறையில் சந்தைக்கு வந்தன. மத்திய அரசின் உரிமை 72.20 விழுக்காடாகக் குறைந்தது. 2013இல் கெடு மூன்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்ததால் பேச்சுவார்த்தைக்குக் காலம் கிடைத்தது. இரண்டு நாளில் முடியும் விற்பனையில் அக்காலம் கிடைப்பதில்லை.

அறுபதிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை

மாநில நிறுவனங்கள் 60 ரூபாய்க்கு வாங்கிய பங்கு நல்ல முதலீடாக முடிந்தது என இன்று கூறுவது எளிது. ஆனால் 2020 மார்ச்சில் பெருந்தொற்று அச்சத்தால் உலகச் சந்தைகள் சரிந்தபோது அப்பங்கு 60 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஏழாண்டுகள் காத்திருந்தவருக்கு ஈவுத்தொகையைத் தவிர வேறு ஆதாயம் இல்லாத நிலை. அதன்பின் நிகழ்ந்தவை நெய்வேலியின் திட்டமிடலால் விளைந்தவை அல்ல. 2021 அக்டோபரில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2022 பிப்ரவரி 24இல் உக்ரைன் மீது ருசியா படையெடுத்தது. அவ்வாண்டு உலகச் சந்தையில் நிலக்கரி ஒரு டன் 400 டாலரைக் கடந்தது. இறக்குமதிக் கரியை நம்பிய நிலையங்கள் தடுமாறியபோது, சொந்தச் சுரங்கத்திலிருந்து கரி எடுக்கும் நிறுவனத்தின் மதிப்பு புதிதாக உணரப்பட்டது. ஒடிசாவின் தாலாபிரா சுரங்கத்தில் நிறுவனம் நிலக்கரி எடுக்கத் தொடங்கியிருந்ததும் இதற்குத் துணையாயிற்று.

ஏறியது இறங்காமலும் இல்லை. 2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் சந்தையின் எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தபோது சென்செக்ஸ் ஒரே நாளில் ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்தது. பொதுத்துறைப் பங்குகளின் சரிவு அதனினும் கடுமையாக இருந்தது. அரசே பெரும்பங்குதாரராக இருக்கும் நிறுவனத்தில், ஆட்சி மாறக்கூடும் என்னும் ஐயமே ஒரு விலைக்காரணி ஆகிவிடுகிறது.

உலக நிகழ்வுகள் எப்போதும் ஏற்றத்தையே தருவதில்லை என்பதற்குக் கடலூர்க் கடற்கரையிலேயே சான்று உண்டு. நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான கட்டுமானத்தை 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் சிதைத்தது. நிதி திரட்டல் இழுபறியில் இருக்கும்போதே 2014இன் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. ஆலை எண்ணெயைச் சுத்திகரிக்கவே இல்லை. திவால் சட்டத்தின்கீழ் அதன் கதை முடிந்தது.

சற்றுப் பின்னோக்கினால் சிதம்பரத்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. அதனை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் நகரத்தார் சமூகம் பர்மாவில் நெல் உழவர்களுக்குக் கடன் வழங்கிப் பெருமுதல் ஈட்டியிருந்தது. அதே ஆண்டு நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ந்தது. தொடர்ந்த பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்தது. கடனை அடைக்க இயலாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தோரிடம் வந்து சேர்ந்தது. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நில உடைமை, 1938 அளவில் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. அவர்கள் விரும்பியது வட்டி, கிடைத்தது நிலம். அந்த நிலமும் போரிலும் விடுதலைக்குப் பிந்தைய நிலச் சட்டங்களிலும் கைநழுவியது.

நிலமும் பங்கும்

நிதியின் கதை நிலத்தில் வந்து முட்டுவது நெய்வேலியிலும் நிகழ்கிறது. 2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலை. உரிய இழப்பீடும் வேலையும் கிடைக்கவில்லை என்பது உழவர்களின் நிலை. பயிர் இழப்புக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

இழப்பீட்டை உயர்த்தினால் நிறுவனத்தின் இலாபம் குறையும், பங்குதாரர் இழப்பர் என்னும் கருத்து இத்தகைய விவாதங்களில் எளிதாக ஏற்கப்படுகிறது. மேலே விளக்கிய கட்டண முறையின் தருக்கம் இதனை ஏற்பதில்லை. சுரங்கத்துக்கான நிலச்செலவு மூலதனச் செலவின் ஒரு கூறு. ஆணையம் அதை நியாயமான செலவென ஏற்குமாயின், அது பழுப்பு நிலக்கரியின் விலைக்குள்ளும் அதன்வழி மின்கட்டணத்துக்குள்ளும் வருவாய் விகிதத்தோடு சேர்ந்தே நுழையும். பங்குதாரர் அதனால் இழப்பதற்கில்லை. மாறாக, நிலம் கிடைப்பது தாமதமாகிக் கரி குறைந்து, மின்நிலையம் இயங்கத் தயார்நிலையில் இல்லாத நாள்கள் கூடினால், நிலைக்கட்டணத்தின் ஒரு பகுதியை நிறுவனம் பெறமுடியாது. பங்குதாரருக்கு நேரும் உண்மையான இழப்பு அதுவே. நூறு பங்கு வைத்திருக்கும் சிதம்பரத்து ஆசிரியரின் நலனும் வளையமாதேவி உழவரின் நலனும் இவ்விடத்தில் மோதுவதில்லை.

மோதல் வேறிடத்தில் இருக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தித் தருவது மாநில வருவாய்த்துறை. மின்சாரத்தை வாங்கி நிலுவை வைத்தது மாநில மின்வாரியம். 2013இல் பங்குகளை வாங்கியவை மாநில அரசின் நிறுவனங்கள். உயரும் கட்டணத்தைச் செலுத்த வேண்டியவராகவும், உழவரின் கோரிக்கையைக் கேட்க வேண்டியவராகவும் ஒருவரே இருக்கிறார். இழப்பீட்டை உயர்த்தினால் அதன் சுமை யூனிட்டுக்குச் சில பைசா என்னும் அளவில் நெய்வேலி மின்சாரம் பெறும் தென்மாநிலங்கள் அனைத்திற்கும் பகிர்ந்து செல்லும். உயர்த்தாவிடில் அது சேத்தியாத்தோப்பைச் சுற்றிய சில ஊர்களிலேயே நிற்கும்.